குண்டு வெள்ளைக் குதிரையும் வீட்டு பீர் பாட்டிலும்: வாசகர் கேள்வி பதில்

ஊறுகாய், ஜாம், தேன் பாட்டிலுக்கெல்லாம் வீட்லயே லேபிள் எப்படி டிசைன் பண்றதுன்னு போன இதழ்ல எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருக்கற நம்ம வாசகர்களோடது, வீட்லயே பீர் போடுறவங்க, அதுவும் தங்களுக்குப் பிடிச்ச ஃபேன்டஸி நாவலை வெச்சு லேபிள் பண்ணணும்னு ஆசைப்படறவங்க. சரி, இந்த மாசம் முழுக்க அதையே பேசிடலாம்.

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகி: அக்கா, நாங்க சில ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து டோல்கீன் எழுதின லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவல் மூணு பாகமும் படிச்சு முடிக்கப் போறோம். கடைசி மீட்டிங்குக்காக என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் பிட்டர், அதாவது கொஞ்சம் கசப்பான பீர், 19 லிட்டர் போட்டிருக்கார், கதையில வர்ற சத்திரத்துப் பேரையே எடுத்து ப்ரான்சிங் போனின்னு பேரு வைக்கலாம்னு இருக்கோம். நெட்ல தேடினா எல்லா லேபிளும் ஒரே மாதிரி இருக்கு, தங்க மோதிரம், நெருப்பு எழுத்து, சினிமா நடிகரோட முகம். எங்களுக்கு வேற மாதிரி வேணும், எங்க ஆரம்பிக்கறது?

மோதிரத்தை விட்டுடுங்க. அந்தச் சத்திரம் வர்ற அத்தியாயத்தை மறுபடி எடுத்து, கையில பென்சிலோட படிங்க. சினிமால ஹாபிட்டுகள், அதாவது கதையில வர்ற குட்டி மனுஷங்க, சத்திரம் இருக்கற ப்ரீ ஊருக்குள்ள நுழையும்போது மழை கொட்டும், எல்லாரும் நனைஞ்சு சேறும் சகதியுமா வருவாங்க. புத்தகத்துல அப்படி இல்ல, இருட்டு, வானத்துல வெள்ளை நட்சத்திரம். சத்திரத்து வாசல் வளைவுக்கு மேல ஒரு விளக்கு, அதுக்குக் கீழ பெரிய பலகை ஆடிக்கிட்டு இருக்கும், அதுல பின்னங்காலை ஊன்றி எழும்பி நிக்கற ஒரு குண்டு வெள்ளைக் குதிரை. கதவுக்கு மேல வெள்ளை எழுத்துல சத்திரத்துப் பேரும் முதலாளி பார்லிமன் பட்டர்பர் பேரும். பாருங்க, டோல்கீன் உங்களுக்கு லேபிளை பாதி வரைஞ்சே குடுத்துட்டார்! இருட்டு பின்னணி, ஒரு விளக்கு, ஒரு வெள்ளைக் குதிரை, வெள்ளை எழுத்து, கொஞ்சம் நட்சத்திரம். இதுல குண்டுங்கறது ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு அந்தக் குதிரையை ரேஸ் குதிரை மாதிரி ஒல்லியா வரைஞ்சிடாதீங்க, அது நல்லா சாப்ட்டு வளர்ந்த சத்திரத்துக் குதிரை, அந்த வயிறுதான் இந்த லேபிளுக்கு உயிர்.

நான் யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், ஒரு கதையை வெச்சு லேபிள் பண்றீங்கன்னா அது அந்தக் கதையோட விளம்பரமா இருக்கக் கூடாது, அந்தக் கதைக்குள்ள வாழற ஒரு ஆள் தன் கையால செஞ்ச லேபிளா இருக்கணும். இங்க அந்த ஆள் பட்டர்பர். குள்ளமா குண்டா வழுக்கைத் தலை, சிவந்த முகம், வெள்ளை ஏப்ரன், எப்பப் பார்த்தாலும் ஓட்டம், ஒரு வேலை செய்யும்போது இன்னொண்ணு மறந்துடும். அப்படிப்பட்டவர்கிட்ட தங்க ஃபாயில் ஏது, எம்பாஸிங் ஏது? மரக்கட்டையில யாரையாவது விட்டு குதிரையைச் செதுக்கி, மையைத் தடவி, காகிதத்துல அழுத்தி எடுத்திருப்பார், ஒரு கலர், மிஞ்சிப்போனா ரெண்டு. நீங்களும் அதையே பண்ணுங்க. கிரீம் கலர் காகிதம், கருநீலம் இல்லன்னா கரும்பழுப்பு மை, குதிரையை மட்டும் மை படாம விட்டா காகிதத்தோட நிறமே குதிரை ஆயிடும். விளக்குக்கு மட்டும் ரெண்டாவது கலரா ஒரு மஞ்சள் வெச்சுக்கோங்க, போதும்.

கலரைக் குறைக்கறதுக்கு டோல்கீனையே உதாரணம் சொல்லலாம். 1937ல அவரோட முந்தின நாவல் ஹாபிட் வந்தப்போ மேலட்டையை வரைஞ்சது அவரேதான். மலை, காடு, ராத்திரி பகல், டிராகன், சுத்தி ஓரத்துல ரூன்ங்கற பழைய ஐரோப்பிய கோண எழுத்து. சூரியனுக்கும் டிராகனுக்கும் சிவப்பு வேணும்னு நெனச்சிருந்தார், செலவு அதிகமாகும்னு பதிப்பகம் சிவப்பை எடுத்துடுச்சு, கடைசில கறுப்பு, நீலம், பச்சை மூணு மையும் வெள்ளைக் காகிதமும்தான். இன்னிக்கும் அந்த அட்டையைப் பார்த்தா கண்ணு அங்கேயே நின்னுடும். சிவப்பு இல்லாததால எதுவும் குறையல, என்னைக் கேட்டா அதனாலதான் அவ்வளவு கட்டுக்கோப்பா இருக்கு.

எழுத்துக்கு வர்றேன். மிடீவல்னு தேடினா வர்ற சுருள் சுருளான ஃபான்ட் எதையும் தொடாதீங்க, அதைப் பார்த்த உடனே சினிமா போஸ்டர் ஞாபகம்தான் வரும். ஐ.எம். ஃபெல்னு ஒரு ஃபான்ட் குடும்பம் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்குது, 17ஆம் நூற்றாண்டுல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் ஃபெல் அச்சுக்கூடத்துக்காகச் சேர்த்த ஈய எழுத்துகளை அப்படியே டிஜிட்டல் ஆக்கினது, மை கொஞ்சம் பரவின மாதிரி ஓரமெல்லாம் மேடு பள்ளமா இருக்கும். டோல்கீன் ப்ரொஃபசரா இருந்த ஊரோட எழுத்து, அதனால எனக்கு இதுல தனி சந்தோஷம். பெரிய எழுத்துல சத்திரத்துப் பேரு, அதுல பாதி சைஸ்ல பட்டர்பர் பேரு, இன்னும் சின்னதா என்ன பீர்னு, அவ்வளவுதான் முன்பக்கம். ஓரத்துல ஏதாவது வேலைப்பாடு வேணும்னு தோணினா கொடி இலை வரையுங்க, ப்ரீ ஊர்க்காரங்க குடும்பப் பேரெல்லாம் செடி கொடி பேருதான், பட்டர்பர்ங்கறதும் பெரிய பெரிய வட்ட இலை விடற நிஜச் செடி. அந்த இலையை நாலு மூலையிலயும் வெச்சா படிச்சவங்களுக்கு மட்டும் புரியும்.

பின்பக்கத்துக்கு ஒரு யோசனை. கதாநாயகன் ஃப்ரோடோவுக்கு அனுப்பச் சொல்லி மந்திரவாதி காண்டால்ஃப் குடுத்த கடிதத்தை பட்டர்பர் அனுப்ப மறந்து மாசக்கணக்குல வெச்சிருப்பார் இல்லையா, அந்த மறந்துபோன கடிதமா உங்க பின் லேபிளைப் பண்ணிடுங்க. மேல தேதி, அதாவது பீர் போட்ட தேதியும் பாட்டில்ல அடைச்ச தேதியும். அப்புறம் கடிதம் மாதிரியே நாலு வரி, மால்ட் (முளைகட்டி காயவெச்ச பார்லி) என்ன, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடற பூ) என்ன, எத்தனை பர்சென்ட் ஆல்கஹால்னு. ஆல்கஹால் அளவுக்குக் கணக்கு ஈஸி, அடர்த்தி அளக்கற ஹைட்ரோமீட்டர்ல ஆரம்பத்துல வந்த அளவுல இருந்து கடைசி அளவைக் கழிச்சு 131.25ஆல பெருக்கணும், 1.044ல ஆரம்பிச்சு 1.011ல நின்னுச்சுன்னா 4.3 வரும், ஒரு பிட்டருக்கு சரியான இடம். பார்லி இருக்குன்னும் எழுதுங்க, குளூட்டன் ஒத்துக்காதவங்க இருப்பாங்க. வீட்டு பீர் பாட்டிலுக்குள்ளயே கேஸ் ஏறறதால அடியில ஈஸ்ட் மண்டி தங்கும், அதனால மெதுவா ஊத்துங்க, கடைசி ஒரு விரல் அளவை பாட்டில்லயே விட்டுடுங்கன்னு கடிதத்தோட பின்குறிப்பா போட்டுடலாம். கேக்கறதுக்கு சத்திரக்காரர் சொல்ற மாதிரியே இருக்கும்.

கழுத்து லேபிள் வைக்கறதா இருந்தா ஏழு சின்ன நட்சத்திரம் மட்டும் போடுங்க, ஒரு வார்த்தையும் வேண்டாம். பட்டர்பர் சொன்ன சேதி கேட்டு மனசு நிறைஞ்சுபோய் அவர் பீர் ஏழு வருஷம் அபாரமா இருக்கட்டும்னு காண்டால்ஃப் வாழ்த்துவார், உங்க க்ரூப்ல யாராவது ஒருத்தர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும்போது அந்த மேஜையில என்ன சத்தம் வரும்னு நெனச்சுப் பாருங்க. அடுத்த தடவை பார்லி மால்ட் தூக்கலா ஏதாவது போட்டா அதுக்குப் பேரு 1420னு வைங்க, போர் முடிஞ்ச அடுத்த வருஷம் ஹாபிட்டுகளோட ஊரான ஷையர்ல விளைஞ்ச பார்லி அவ்வளவு அருமை, அந்த வருஷத்து மால்ட்ல செஞ்ச பீரை ரொம்ப காலம் பேசிக்கிட்டே இருந்தாங்கன்னு மூணாம் பாகத்து முடிவுல வரும். வெறும் நாலு எண், வேற எதுவும் இல்லாத லேபிள், எனக்கு அது இன்னும் பிடிச்சிருக்கு.

அளவு சொல்லிடறேன். 355 மில்லி நீளக்கழுத்து பாட்டிலுக்குச் சுற்றளவு சுமார் 19 சென்டிமீட்டர், ஆனா நேரா பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியறது 6 சென்டிமீட்டர் அகலம்தான். குதிரையும் பேரும் அந்த ஆறுக்குள்ள அடங்கிடணும், மீதி ஓரத்துக்கு வளைஞ்சு போகட்டும். லேபிள் 10 அகலம் 8.5 உயரம்னு வெச்சா உங்க ஊர் லெட்டர் சைஸ் தாள்ல ஆறு வரும், 48 பாட்டிலுக்கு எட்டுத் தாள். ஒரு தாள் சாதாரணமா பிரிண்ட் எடுத்து, வெட்டி, காலி பாட்டில்ல ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தி, ரூமுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாருங்க. அங்கிருந்தே குதிரை குதிரையா தெரிஞ்சா மீதி ஏழு தாளுக்குப் போகலாம்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்: லேபிள் சூப்பரா வந்துச்சு அக்கா, வீட்டு இங்க்ஜெட்ல பிரிண்ட் போட்டு ஸ்டிக்கர் ஷீட்ல ஒட்டினேன், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பத்து நிமிஷத்துல டிராகன் கரைஞ்சு வழிஞ்சிடுச்சு. பார்ட்டி முடிஞ்சு ஸ்டிக்கரைக் கிழிக்கறதுக்குள்ள கையே போயிடுச்சு. ஒட்டவும் செய்யணும், உரிக்கவும் வரணும், என்ன வழி?

ரெண்டு தனித்தனி பிரச்சனை இது, மையும் பசையும். வீட்டு இங்க்ஜெட்ல நிறைய மாடல்ல இருக்கறது தண்ணில கரையற சாய மை, குளிர்ந்த பாட்டில் மேல வேர்க்கும்போது அது ஓடத்தான் செய்யும். லேசர் பிரிண்ட்ல மை இல்ல, டோனர் பொடி சூட்டுல உருகி காகிதத்துல பிடிச்சுக்கும், தண்ணி பட்டாலும் கலையாது. டிசைனை பிடிஎஃப்பா ஒரு பிரிண்ட் கடைக்கு எடுத்துட்டுப் போய் கலர் லேசர்ல போட்டுக்கோங்க, காகிதம் சாதாரண ஜெராக்ஸ் தாளே போதும், போட்டோ பேப்பர் விறைப்பா இருக்கும், பாட்டில் வளைவுக்கு உட்காராது. இங்க்ஜெட்தான் வழின்னா வெட்டறதுக்கு முன்னாடி தாள் மேல கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே ரெண்டு தடவை லேசா அடிச்சு காயவைங்க, பால்கனிலயோ வாசல்லயோ நின்னு அடிங்க, வீட்டுக்குள்ள வேண்டாம்.

பசைக்குப் பால். நிஜமாத்தான் சொல்றேன், ஹோம்ப்ரூ பண்றவங்க ரொம்ப காலமா பண்ற வேலை இது, பால்ல இருக்கற கேசீன்ங்கற புரதம் நல்ல பசை. கொழுப்பு எடுத்த பாலா இருந்தா இன்னும் நல்லது. ஒரு தட்டுல கொஞ்சம் ஊத்தி, பிரஷ்ஷால லேபிளோட பின்பக்கம் முழுக்க, முக்கியமா நாலு மூலையிலயும் படற மாதிரி தடவி, பாட்டில்ல வெச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒரு துணியால நீவி விடணும், ஓரத்துல பிதுங்கற பாலை அப்பவே துடைச்சிடுங்க இல்லன்னா வாடை வரும். அரை மணி நேரத்துல காகிதம் இழுத்துக்கிட்டு கண்ணாடியோட கண்ணாடியா ஒட்டிடும், சுருக்கம் இருந்த இடம்கூட காயும்போது விறைச்சு நேராயிடும். ஃப்ரிட்ஜ்ல தாங்கும், மேஜையில வேர்த்தாலும் தாங்கும், பாட்டில் காலியானதும் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டா லேபிள் தானா கழண்டு மிதக்கும்.

ஆனா ஐஸ் தண்ணி டப்புல பாட்டிலை முக்கி வைக்கறதா இருந்தா இது ஆகாது, அதே குணத்தால அங்கேயும் கழண்டுடும். அந்த மாதிரி பார்ட்டிக்கு லேபிளை ஒட்டவே ஒட்டாதீங்க, கெட்டி அட்டையில அடிச்சு ஓட்டை போட்டு சணல் கயித்துல கழுத்துல கட்டி விடுங்க, ஐஸ்ல இருந்து வெளிய எடுத்து குடுக்கும்போது மாட்டிக்கலாம். ஃபேன்டஸி கதைக்கு அது இன்னும் பொருத்தமாத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், லேபிள் அழகுக்காகன்னு பச்சைப் பாட்டிலோ வெள்ளைப் பாட்டிலோ தேடிப் போகாதீங்க. ஹாப்ஸ்ல இருந்து வர்ற கசப்புப் பொருள் மேல வெளிச்சம் பட்டா பீர் கெட்ட வாடை அடிக்கும், பழுப்புக் கண்ணாடிதான் அதைத் தடுக்கும். டிசைனை பழுப்புக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, பாட்டிலை டிசைனுக்காக மாத்தாதீங்க.

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்: எங்க ஊர்ல பொங்கல் விழாவுக்கு நிதி திரட்டறோம். நான் போடுற ஏல் வகை பீர் எல்லாருக்கும் பிடிக்கும், ஹாபிட் பேரும் படமும் போட்ட லேபிளோட ஸ்டால்ல வித்துக் குடுக்கலாமான்னு கேக்கறாங்க. தப்பு இல்லையே?

விக்காதீங்க. லேபிள் பத்தின கேள்விக்கு முன்னாடியே இது நின்னுடுது. அமெரிக்காவுல வீட்டு பீரை அனுமதிச்ச சட்டத்துல அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டது 1978 அக்டோபர்ல, வீட்ல ஒரு பெரியவர் இருந்தா வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 200 கேலன், எல்லாமே சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கு இல்ல. நல்ல காரியத்துக்குத்தானேன்னு கேட்டா சட்டம் அப்படிப் பார்க்காது. விக்கறதுக்கு ப்ரூவரி லைசென்ஸ், லேபிளுக்கு அரசாங்க ஒப்புதல், ஆரோக்கிய எச்சரிக்கை வாசகம் எல்லாம் வேணும். பாட்டிலை ஃப்ரெண்டுக்குப் பரிசா குடுங்க, நிதிக்கு அந்த லேபிள் மாதிரியே உங்க சொந்தக் கற்பனையில போஸ்டர் வரைஞ்சு வித்துக் குடுங்க.

சொந்தக் கற்பனையிலன்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா பேரு விஷயம் இன்னும் சிக்கல். டோல்கீன் இறந்தது 1973ல. பிரிட்டன்ல எழுத்தாளர் இறந்து 70 வருஷம் காப்பிரைட், அதனால 2043 முடியற வரைக்கும் இருக்கு. கனடாவுல 50 வருஷமா இருந்துச்சு, 2024 தொடக்கத்துல விடுபட்டிருக்கணும், 2022 கடைசில அங்கேயும் 70 ஆக்கிட்டாங்க, ஒரே வருஷ வித்தியாசத்துல போச்சு. இதுக்கு மேல ட்ரேட்மார்க் தனி. இங்கிலாந்துல சௌதாம்ப்டன்ல த ஹாபிட்னு ஒரு பப், இருபது வருஷத்துக்கு மேல அந்தப் பேர்ல நடந்தது, 2012ல அமெரிக்காவுல இருந்து உரிமை வெச்சிருந்த கம்பெனி வக்கீல் மூலமா பேரையும் படங்களையும் எடுக்கச் சொல்லிடுச்சு. ஊரே கொதிச்சுது, படத்துல காண்டால்ஃபா நடிச்ச இயன் மெக்கெல்லனும் இன்னொரு நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரையும் லைசென்ஸ் காசை நாங்க கட்டறோம்னு முன்வந்தாங்க. அந்த உரிமையெல்லாம் 2022ல எம்ப்ரேசர்ங்கற ஸ்வீடன் கம்பெனி கைக்குப் போயிருக்கு. ஒரு சின்ன பப் மேல அவ்வளவு பாய்ஞ்சது எனக்கு நியாயமா படல, ஆனாலும் காசு வாங்கற இடத்துல அந்தப் பேரு வந்தா கேள்வி வரும்கறது உண்மை. வீட்டுக்குள்ள பத்து ஃப்ரெண்டு கையில இருக்கற பாட்டிலும் ஸ்டால்ல விலை எழுதி வெச்ச பாட்டிலும் ஒண்ணு இல்ல.

லண்டனிலிருந்து ஒரு வாசகி: என் தம்பி கேம் ஆஃப் த்ரோன்ஸ் புத்தகத் தொடர் பைத்தியம். அவன் கல்யாணத்துக்கு முன்னாடி நாள் குடுக்க ஸ்டவுட் போடுறேன். கறுப்பு பீர்ங்கறதால கறுப்பு லேபிள், கருஞ்சிவப்பு எழுத்துன்னு பண்ணினேன், ஸ்கிரீன்ல அட்டகாசம், பாட்டில்ல ஒட்டினா ஒண்ணுமே தெரியல.

தெரியாதும்மா, பழுப்புக் கண்ணாடி மேல கறுப்பு, கறுப்பு மேல கருஞ்சிவப்பு, மூணும் இருட்டு. இதுக்கு அந்தக் கதை எடுத்துக்கிட்ட ஐரோப்பியக் குலச்சின்ன மரபுலயே பதில் இருக்கு. கேடயத்துல சின்னம் வரையறவங்க கலரை ரெண்டா பிரிச்சாங்க, மஞ்சளும் வெள்ளையும் உலோகம், அதாவது தங்கம் வெள்ளி, சிவப்பு நீலம் பச்சை கறுப்பு ஊதா எல்லாம் நிறம். நிறத்து மேல நிறம் வராது, உலோகத்து மேல உலோகம் வராது. யுத்தத்துல தூரத்துல இருந்து பார்த்தே எந்த வீட்டு ஆளுன்னு தெரியணும், அதுக்கான விதி. உங்க லேபிள்ல கருஞ்சிவப்பை எடுத்துட்டு அந்த இடத்துல வெள்ளையோ வெளிர் மஞ்சளோ வைங்க, வேற எதையும் தொட வேண்டாம், பாருங்க எப்படி எழும்புதுன்னு.

ஆனா ஓநாய், சிங்கம்னு கதையில இருக்கற வீட்டுச் சின்னத்தை எடுக்காம, தம்பிக்குன்னு புதுசா ஒரு வீடு உண்டாக்குங்களேன். அந்தத் தொடர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னம், ரெண்டு கலர், மூணு நாலு வார்த்தையில ஒரு சபதம். இந்த மூணும் தம்பிக்கு என்னன்னு உட்கார்ந்து யோசிங்க, அவன் சின்ன வயசுல வளர்த்த பூனையோ, ஊர்ல அவன் ஏறி விழுந்த புளியமரமோ, வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச அவனோட ஒரு வாக்கியமோ. கல்யாணப் பொண்ணு வீட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு பண்ணி, கேடயத்தை நடுவுல ரெண்டா பிரிச்சு ஒரு பாதி அவன் வீடு ஒரு பாதி அவ வீடுன்னு சேர்த்து வரைங்க, கல்யாணத்துல ரெண்டு குலச்சின்னத்தை அப்படிச் சேர்க்கறது அங்க நிஜமாவே இருந்த வழக்கம். நியூயார்க் மாகாணத்துல இருக்கற ஓமகாங் ப்ரூவரி, அதை டிவி தொடரா எடுத்த ஹெச்பிஓகிட்ட லைசென்ஸ் வாங்கி 2013ல இருந்து அந்தத் தொடர் பேர்ல வரிசையா பீர் விட்டாங்க, அதுல ஒரு ஸ்டவுட்டும் உண்டு, அவங்க லைசென்ஸ் வாங்கினதால கதையில வர்ற சிம்மாசனத்தை அப்படியே போட்டுக்கலாம். உங்களுக்கு அது தேவையும் இல்ல, அந்த லேபிள் யார் கல்யாணத்துக்கும் பொருந்தும், நீங்க வரையறது உங்க தம்பிக்கு மட்டும்தான் பொருந்தும்.

மெல்போர்னிலிருந்து ஒரு வாசகர்: ஹாபிட் அட்டையில ஓரமா ஓடற ரூன் எழுத்து மாதிரி லேபிள் சுத்தி எழுத ஆசை, உள்ள பேரு தமிழ்ல. ரெண்டும் சேருமா? தமிழையே ரூன் மாதிரி கோணலா ஆக்கற ஃபான்ட் ஏதாவது இருக்கா?

ரூன் எழுதலாம், தாராளமா. ஹாபிட்ல டோல்கீன் எடுத்துக்கிட்டது ஆங்கிலோ சாக்ஸன் காலத்து நிஜ ரூன், ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, யாருக்கும் சொந்தம் இல்ல. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோட்லயே இருக்கு, டோல்கீன் கூட்டிக்கிட்ட மூணு எழுத்தையும் 2014ல சேர்த்திருக்காங்க. மோதிரத்துல வர்ற வளைஞ்ச எழுத்து வேற, அது அவர் கற்பனை பண்ணின டெங்வார், யூனிகோட்ல இன்னும் இல்ல. அட்டையைச் சுத்தி அவர் வெறும் அலங்காரத்துக்கு எழுதல, புத்தகத்துப் பேரு, யாரோட பயணம், யார் பதிப்பிச்சதுங்கறதெல்லாம் வாசிக்கற மாதிரி எழுதியிருப்பார். நீங்களும் அர்த்தத்தோட எழுதுங்க, யார் எந்த ஊர்ல எப்போ போட்ட பீர்னு. விருந்தாளிங்க போனை வெச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா கண்டுபிடிச்சுப் படிப்பாங்க.

தமிழை மட்டும் கோணலாக்காதீங்க, நம்ம இப்போதைய எழுத்து வளைவுல வாழறது, அதை உடைச்சா படிக்கவும் முடியாது பார்க்கவும் நல்லா இருக்காது. கோண எழுத்துதான் வேணும்னா நம்மகிட்டயே தமிழி இருக்கு, தமிழ் பிராமின்னு சொல்றோமே அது. கீழடி பானை ஓட்டுல ஆதன்னு கீறியிருக்கற எழுத்தைப் படத்துல பாருங்க, நேர்க்கோடும் கோணமுமா, ரூனுக்குப் பக்கத்துல வெச்சா ரெண்டும் கையால கீறின எழுத்துன்னு பார்த்த உடனே தெரியும். ரூனை மரத்துல கத்தியால கீறினாங்க, இதைப் பானை ஓட்டுல கீறினாங்க. ஓரத்துல ரூன், நடுவுல தமிழில உங்க பீர் பேரு, அதுக்குக் கீழ எல்லாருக்கும் படிக்க வர்ற மாதிரி இப்போதைய தமிழ்ல சின்னதா அதே பேரு. நோட்டோ சான்ஸ் பிராமின்னு ஃபான்ட் இலவசமா இருக்கு, ஆனா அதை வெச்சு அச்சுப் பார்த்துட்டு கையாலயே வரையுங்க, கீறின எழுத்துக்கு ஒரே தடிமன் ஒத்து வராது, குத்தி ஆரம்பிச்சு இழுத்து முடியணும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: இதையெல்லாம் இங்க வீட்ல பண்ணலாமா?

பீர் போடக் கூடாதுங்க. தமிழ்நாட்டுல 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வீட்ல மது தயாரிக்கறது குற்றம், சின்ன அளவுன்னாலும் அதேதான். லேபிளுக்குத் தடை இல்ல. நன்னாரி சர்பத் போட்டு பழைய கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, அம்புலிமாமால நீங்க பார்த்து வளர்ந்த மாதிரி முருங்கமரமும் வேதாளமும் உங்க கையால வரைஞ்சு ஒட்டுங்க, வேதாளக் கதை யாருக்கும் சொந்தம் இல்ல. மேல சொன்ன பால், லேசர், ஆறு சென்டிமீட்டர் எல்லாம் அதுக்கும் அப்படியே பொருந்தும்.

டொரன்டோ வாசகியே இன்னொரு சீட்டுல: கடையில வாங்கின பழைய பாட்டில்களோட லேபிளை எடுக்கறது எப்படி அக்கா?

ஒரு வாளி வெந்நீர்ல ஒரு கை வாஷிங் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க, கையுறை போட்டுக்கோங்க. காலையில காகிதம் தானா வந்துடும், பசை மிச்சம் இருந்தா பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால சுரண்டுங்க, இரும்பு நார் போட்டா கண்ணாடியில கீறல் விழும். அப்புறம் நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசி, பீர் ஊத்தறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் வழக்கமா பண்ற மாதிரி சானிடைஸ் பண்ணிக்கட்டும். திருகு மூடி பாட்டில் இருந்தா தனியா எடுத்து வெச்சிடுங்க, வீட்ல அழுத்தற மூடி அதுல சரியா உட்காராது, கேஸ் போயிடும்.